கத்தி வெட்டவில்லையா? எஃகைக் குறை சொல்லுமுன் பார்க்க வேண்டியவை

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் கைவேலையாகக் கத்தி செய்து விற்கிறவர் யாராக இருந்தாலும், திரும்பி வருகிற கத்தியோடு வருகிற பேச்சு ஒன்றுதான்: "ஸ்டீல் சரியில்லை போலிருக்கு." வாங்கியவர் அதைச் சொல்வார். செய்தவரும் பல நேரம் அதை நம்பிவிடுவார். அடுத்த கத்திக்கு இன்னும் விலை கூடிய எஃகாக வாங்குவார். அதே குறை அதே இடத்தில் மறுபடி வந்து நிற்கும்.

நான் சந்தேகப்படும் வரிசை வேறு. முதலில் வாயை, அதாவது வெட்டும் விளிம்பை, தீட்டியிருக்கும் விதம். அடுத்து அலகின் தடிமனும் வடிவமும். அப்புறம் ஹீட் ட்ரீட்மென்ட்: எஃகைக் காய்ச்சி, சட்டென்று ஆறவைத்து (தோய்த்து) கடினமாக்கி, பிறகு குறைந்த சூட்டில் வைத்து உடையாதபடி பதப்படுத்துவது (டெம்பர்). கடைசியில்தான் எஃகின் பெயர். செலவைப் பார்த்தாலும் இதுவே சரியான வரிசை. முதலாவதைச் சரிசெய்யச் சாணைக்கல்லும் கொஞ்ச நேரமும் போதும். கடைசியைச் சரிசெய்யப் புதுக் கத்தியே செய்ய வேண்டும்.

கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை அதிகமில்லை: தடிமன் அளக்க ஒரு வெர்னியர், பத்து மடங்கு காட்டும் லென்ஸ், புது அரம் ஒன்று, 6 மி.மீ. பித்தளைக் கம்பி, கறுப்பு மார்க்கர் பேனா. சரி, புகாருக்கு வருவோம்.

கூராகத்தான் இருக்கிறது, ஆனால் காய்க்குள் இறங்க மாட்டேன் என்கிறது

தாளை வைத்தால் சர்ரென்று வெட்டும், கை முடியை மழிக்கும். பட்டர்நட் பூசணியை வைத்தால் பாதியில் சிக்கிக்கொள்ளும். மடும்பிக் கிழங்கு வெட்டுப்படாமல் பிளந்து ஓடும். காரட் டக்கென்று உடையும். இங்கே எஃகுக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை. அலகு தடி, அவ்வளவுதான்.

வெர்னியரை எடுத்து இரண்டு இடங்களில் அளந்து பாருங்கள். ஒன்று, தீட்டிய சரிவு முடிகிற இடத்துக்குச் சற்று மேலே. சமையலறைக் கத்தி என்றால் அங்கே 0.2 முதல் 0.4 மி.மீ. இருக்கலாம். இரண்டாவது, வாயிலிருந்து 10 மி.மீ. உயரத்தில். இந்த இரண்டாவது அளவை யாரும் பார்ப்பதில்லை. சிக்கல் பெரும்பாலும் அங்கேதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முதுகு 2.5 மி.மீ., அலகின் உயரம் 48 மி.மீ., முதுகிலிருந்து வாய் வரை ஒரே சரிவாக இறங்குகிறது, வாய்க்கு மேலே 0.3 மி.மீ. என்றால், 10 மி.மீ. உயரத்தில் சுமார் 0.76 மி.மீ. வரும். இப்போது 4 மி.மீ. தகட்டில், கீழ்ப்பாதியில் மட்டும் 15 மி.மீ. உயரத்துக்குச் சரிவு இழைத்த கத்தியை எடுங்கள். வாய்க்கு மேலே 0.5 மி.மீ. என்று வைத்தாலும் அதே 10 மி.மீ. உயரத்தில் 2.8 மி.மீ. ஆகிவிடுகிறது. இரண்டையும் ஒரே எஃகில், ஒரே கடினத்தில் செய்திருந்தாலும் வெங்காயம் வித்தியாசத்தைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இது ஏன் இங்கே இவ்வளவு அதிகம் என்றால், இந்த நாட்டில் கத்தி செய்யப் பழகுகிறவர்கள் பெரும்பாலும் வேட்டைக் கத்தியில் ஆரம்பிக்கிறார்கள். அதற்கு வாங்கிய 4 மி.மீ. தகட்டில் மிச்சம் இருக்கும். அதில் அம்மாவுக்கு ஒரு சமையல் கத்தி. தடியாக இருந்தால் பலம் என்ற எண்ணம் வேறு. 1860 முதல் நம்மவர்கள் நேட்டாலில் பிடித்த கரும்புக் கத்தியைப் பாருங்கள்: அகலமான, மெல்லிய தகடு. பொழுதெல்லாம் வெட்டுகிற ஆள் தடிக் கத்தியைக் கையில் எடுக்க மாட்டான்.

இருக்கிற கத்தியைத் தூக்கிப்போட வேண்டாம். இழைக்கும் மெஷினில் புது 60 நம்பர் உப்புத்தாள் பெல்ட் போட்டு, கையுறை இல்லாமல் வெறும் விரலால் பிடித்துக்கொண்டு, முதுகு வரை மறுபடி இழையுங்கள். விரல் சுட்டால் உடனே தண்ணீரில் முக்குங்கள். பழைய பெல்டை வைத்துத் தேய்க்காதீர்கள். மழுங்கிய பெல்ட் வெட்டாமல் சூட்டை மட்டும் ஏற்றும். புதுக் கத்திக்கு 2 அல்லது 2.5 மி.மீ. தகடாகவே வாங்குங்கள், முனையை நோக்கிப் போகப் போக முதுகும் மெலியட்டும்.

இரண்டு நாளில் மழுங்கிவிடுகிறது

அதிகம் வருகிற புகார் இதுதான். "மழுங்கியது" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். லென்ஸில் பார்த்தால் மூன்று விதம் தெரியும்: வாய் ஒரு பக்கமாக மடிந்திருக்கும், அல்லது உருண்டு தேய்ந்திருக்கும், அல்லது தீட்டும்போது எழுந்த பிசிறு இன்னும் ஒட்டிக்கொண்டு தொங்கும்.

பிசிறுதான் முதல் சந்தேகம். தீட்டி முடித்த அன்று சவரக் கத்தி மாதிரி வெட்டும், மறுநாள் செத்துப்போகும். அன்று வெட்டியது வாய் இல்லை, பிசிறு. மெல்லிய கல்லில் கை எடை மட்டும் வைத்து மாற்றி மாற்றி இழுத்து, பிறகு தோல் பட்டையில் தேய்த்தால் போய்விடும். கோணம் சரியாக விழுகிறதா என்று பார்க்கத்தான் மார்க்கர். சரிவு முழுக்க மை பூசிக் கல்லில் இரண்டு இழுப்பு இழுங்கள். மேல் விளிம்பில் மட்டும் மை போயிருந்தால் கல் இன்னும் வாயைத் தொடவே இல்லை.

அடுத்து, எதன் மேல் வைத்து வெட்டுகிறார்கள் என்று கேளுங்கள். கண்ணாடிப் பலகை, கிரானைட் மேடை, பீங்கான் தட்டு. இவற்றில் வெட்டினால் எந்த எஃகும் நிற்காது. இதை வாடிக்கையாளரிடம் கேட்கக் கூச்சப்படாதீர்கள். "அக்கா, எதுல வெச்சு நறுக்குறீங்க?" என்ற ஒரு கேள்வி, ஒரு கத்தியைப் பிரித்துப் பார்க்கும் வேலையை மிச்சப்படுத்தும்.

மடிந்த வாய் என்றால் பித்தளைக் கம்பிச் சோதனை. கம்பியைப் படுக்க வைத்து, தீட்டிய கோணத்திலேயே வாயை அதன்மேல் மெல்ல அழுத்தி நகர்த்துங்கள். வாய் லேசாகப் புடைத்துத் திரும்பி வந்தால் நல்லது. புடைத்தபடியே நின்றால் எஃகு மெத்தென்று இருக்கிறது, அல்லது அந்தக் கடினத்துக்குக் கோணம் ரொம்ப ஒல்லி. இரண்டில் எது என்று தெரிய ஒரு சுலபமான வழி: ஒவ்வொரு பக்கமும் மூன்று டிகிரி கூட்டி ஒரு குட்டிச் சரிவு போட்டுக் கொடுத்துவிடுங்கள். நின்றுவிட்டால் விஷயம் அத்தோடு முடிந்தது.

அப்படியும் நிற்கவில்லை என்றால் ஹீட் ட்ரீட்மென்ட் பக்கம் போக வேண்டும். இங்கே நான்கு வழிகள் உண்டு.

தோல் மட்டும் மெத்தென்று போயிருக்கலாம். உலையில் காற்றுப்படக் காய்ச்சினால் மேல்தோலிலிருந்து கரி (கார்பன்) வெளியேறிவிடும். ஸ்டெயின்லெஸ்ஸை ஆயிரம் டிகிரிக்கு மேல் காய்ச்சும்போது இது மோசம். இதன் அடையாளம் தெளிவானது: நாலைந்து முறை தீட்டிய பிறகு கத்தி தானாகவே நன்றாகிவிடும். உள்ளே இருக்கும் நல்ல எஃகு வெளியே வந்துவிட்டது. அடுத்த கத்தியை ஸ்டெயின்லெஸ் ஃபாயிலில் சுற்றிக் காய்ச்சுங்கள். உலைக்குப் போகுமுன் வாயை 0.7 மி.மீ.க்குக் குறையாமல் விட்டுவைத்து, பிறகு இழைத்துக்கொள்ளுங்கள்.

அல்லது கடினமாக்கிய பிறகு பெல்டில் இழைக்கும்போது வாய் வெந்திருக்கலாம். கார்பன் எஃகில் 200 டிகிரிக்குச் சற்று மேலே வைக்கோல் நிறம், 300 டிகிரியை ஒட்டி நீலம். ஸ்டெயின்லெஸ்ஸில் அதே நிறங்கள் இன்னும் அதிகச் சூட்டில்தான் தோன்றும். அதனால் அதில் மஞ்சள் தெரிந்தாலே சேதம் ஆகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள். நிறம் தெரியவில்லை என்பதாலும் நிம்மதி அடைய முடியாது, அடுத்த பெல்ட் அதைத் துடைத்துவிட்டிருக்கும். வாயை ஒரு மில்லிமீட்டர் குளிரக் குளிர இழைத்து எடுத்துவிட்டு மறுபடி தீட்டுங்கள். குணம் தெரிந்தால் வெந்தது வாய் மட்டும்தான்.

மூன்றாவது, தோய்ச்சல் பிடிக்கவே இல்லை. புது அரத்தை முதுகில் இழுத்தால் வழுக்க வேண்டும், கடித்தால் கடினமாகவில்லை. கார்பன் எஃகில் இதற்குப் பெரும்பாலும் எண்ணெய்தான் காரணம். பழைய இன்ஜின் ஆயில் மெதுவாகத்தான் சூட்டை இழுக்கும், புகையும் விஷம். 50 டிகிரிக்குச் சூடாக்கிய கனோலா எண்ணெய் மெல்லிய அலகுகளுக்கு நன்றாகவே வேலை செய்கிறது. எந்தச் சூட்டில் முக்குகிறீர்கள் என்பதும் முக்கியம். காந்தம் ஒட்டாமல் போவது 770 டிகிரி அளவில். 1075 என்ற கார்பன் எஃகை அதற்கு மேல் கொஞ்சம் ஏற்றி, கண் பார்வையிலேயே தோய்த்துவிடலாம். ஓ1, 52100 என்ற எஃகுகள் இரண்டும் அப்படி இல்லை. 800 டிகிரியை ஒட்டிச் சூட்டை நிலையாகப் பிடித்து வைத்தால்தான் கரி போதுமான அளவு கரையும். ஓ1 சுலபமான எஃகு என்று எல்லோரும் சொல்லக் கேட்டிருப்பீர்கள். சூடு கட்டுப்படுத்தும் உலை இருந்தால் சுலபம். கேஸ் அடுப்பும் காந்தமும் மட்டும் என்றால் 1075-லேயே பழகுங்கள் என்பேன்.

நான்காவது ஸ்டெயின்லெஸ்ஸுக்கே உரியது. இங்கே கத்தி செய்கிறவர்கள் நிறையப் பயன்படுத்தும் போலர் என்690-ஐ எடுத்துக்கொள்வோம். 1.08 சதவீதம் கரி, 17 சதவீதத்துக்கு மேல் குரோமியம், 1.5 சதவீதம் கோபால்ட். அதைக் கடினமாக்கும் வரம்பு 1030 முதல் 1080 டிகிரி. "இன்னும் கொஞ்சம் ஏற்றினால் இன்னும் கடினமாகும்" என்று மேலே போனால் நேர்மாறாக நடக்கும். அதிகக் கரி கரைந்து, ஆறிய பிறகும் ஒரு பங்கு மாறாமல் மெத்தென்றே தங்கிவிடும். உலர் பனிக்கட்டியில் −78 டிகிரிக்குக் குளிர்வித்துப் பிறகு டெம்பர் செய்தால் அதில் பெரும்பகுதி சரியாகும். ஆனால் தோய்த்த கையோடு செய்ய வேண்டும், அடுத்த வாரம் செய்து பயனில்லை. வெளியே கொடுத்து ஹீட் ட்ரீட்மென்ட் செய்கிறவர்கள் "நல்லா வந்திருக்கு" என்ற பதிலோடு திரும்பி வராதீர்கள். அளந்த ராக்வெல் எண் (கடினத்தின் அளவு) என்ன என்று கேட்டு எழுதி வாங்குங்கள். என்690 என்றால் 59, 60 எதிர்பார்க்கலாம்.

வாயில் பல் விழுகிறது

முதல் கேள்வி: எலும்பை வெட்டினார்களா? நம் வீடுகளில் ஆட்டுக்கறி எலும்போடுதான். கோயில் பூஜைக்குக் கிடா வெட்டிப் பங்கு போடுகிற நாளில் வீட்டில் இருக்கிற எல்லாக் கத்தியும் களத்தில் இறங்கும். 60 ராக்வெல்லில், பக்கத்துக்கு 13 டிகிரி தீட்டிய மெல்லிய கத்தியால் தொடை எலும்பைக் கொத்தினால் பல் விழத்தான் செய்யும். ஃப்ரீசரிலிருந்து நேராக எடுத்த மீனும் எலும்புக்குச் சமம்.

இதற்குக் கத்தியை மாற்ற வேண்டாம், இரண்டாவது கத்தி ஒன்று விற்க வேண்டும். கொத்துகிற கத்திக்கு 5160 அல்லது இஎன்45 மாதிரியான ஸ்பிரிங் எஃகு, 55 முதல் 57 ராக்வெல், வாய்க்கு மேலே கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர், பக்கத்துக்கு 22 முதல் 25 டிகிரி. இதைப் போய் என்690-இல் செய்து தரச் சொல்லிக் கேட்பவர்கள் உண்டு, துருப்பிடிக்காதே என்று. குரோமியம் கார்பைடு (குரோமியமும் கரியும் சேர்ந்த கடினத் துகள்) நிறைந்த எஃகு அடி தாங்காது என்று சொல்லி மறுத்துவிடுங்கள்.

பழைய பக்கி (பிக்கப்) வண்டியின் ஸ்பிரிங் பட்டையை வைத்துக் கொத்துக்கத்தி செய்யலாமா என்பார்கள். செய்யலாம், ஆனால் அது எந்த எஃகு என்று யாருக்கும் தெரியாது. வருஷக்கணக்காக வளைந்து நிமிர்ந்த இரும்பில் கண்ணுக்குத் தெரியாத விரிசலும் இருக்கலாம். ஒரு துண்டை முதலில் தோய்த்து உடைத்துப் பாருங்கள். விலைக்கு விற்கப்போகிறீர்கள் என்றால் பெயர் தெரிந்த புதுப் பட்டையே வாங்குங்கள், விலை வித்தியாசம் அந்தத் தலைவலிக்கு ஈடாகாது.

எலும்பே படவில்லை, வெங்காயம் நறுக்கியே பல் விழுந்தது என்றால் எஃகின் மணி (உள்ளிருக்கும் படிகத் துகள்) பெருத்திருக்கிறது அல்லது டெம்பர் போதவில்லை. அதே தகட்டில் ஒரு துண்டைத் தோய்த்து, வைஸில் பிடித்துத் துணி சுற்றி உடையுங்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். உடைந்த முகம் சாம்பல் நிறத்தில் மழமழவென்று இருந்தால் நன்று. சர்க்கரையை உடைத்தாற்போல் மினுமினுத்தால் சூடு அதிகம். கார்பன் எஃகு என்றால், படிப்படியாகச் சூட்டைக் குறைத்து இரண்டு மூன்று முறை காய்ச்சி, காற்றில் ஆறவிட்டு, மறுபடி தோய்க்கலாம். மணி நன்றாகவே இருந்தால் டெம்பர் சூட்டை 15 அல்லது 20 டிகிரி கூட்டி இன்னும் ஒரு சுற்று வையுங்கள். டெம்பரை ஏற்றிக்கொண்டே போகலாம், இறக்க முடியாது. அதனால் சிறு படிகளாகவே போங்கள்.

முனை மட்டும் உடைந்து வந்தால் அந்தக் கத்தியால் டப்பா மூடி திறந்திருக்கிறார்கள். முனையை முதுகுப் பக்கமிருந்து இழைத்துத் தாழ்த்திக் கொடுத்துவிடுங்கள்.

துருப்பிடிக்கிறது, ஸ்டெயின்லெஸ் என்று சொல்லித்தானே விற்றீர்கள்?

ஜோஹன்னஸ்பர்க்கில் ஒரு வருஷம் மேசைமேல் கிடந்தும் பளபளக்கிற கத்தி, கடலோர இசிப்பிங்கோவில் ஒரு கோடை தாங்காது. உப்புக் காற்றும் புழுக்கமும் அப்படி. ஆனால் இங்கேயும் எஃகின் பெயரை மாற்றுமுன் பார்க்க வேண்டியவை உண்டு.

எங்கே புள்ளி விழுந்திருக்கிறது என்று பாருங்கள். அலகு முழுக்கச் சிறு புள்ளிகளாக இருந்தால் இழைப்பைச் சந்தேகியுங்கள். 120 நம்பர் பெல்ட் கோடுகளோடு விட்ட பரப்பில் ஒவ்வொரு கோடும் ஈரம் தங்குகிற வாய்க்கால். கையால் 400 நம்பர் உப்புத்தாள் வரை நீளவாக்கில் தேய்த்தால் அதே எஃகு வேறு மாதிரி நடந்துகொள்ளும். இன்னொன்று, ஒரே பெல்டில் முதலில் கார்பன் எஃகும் பிறகு ஸ்டெயின்லெஸ்ஸும் இழைத்தால் இரும்புத் துகள் பரப்பில் பதிந்து துருப்பிடிக்கும். பார்க்க, கத்தியே துருப்பிடித்த மாதிரி இருக்கும். அலகை எஃகு நாரால் தேய்த்தாலும் இதே கதை.

உறைக்குள் இருந்த பாகம் மட்டும் துரு என்றால் விடை உறையில் இருக்கிறது. தோல் ஈரத்தைப் பிடித்துவைக்கும், பதனிட்ட பொருளின் அமிலமும் அதில் இருக்கும். தோல் உறை இடுப்பில் தூக்கிப் போவதற்கு, அலமாரியில் வைப்பதற்கு இல்லை.

ஹீட் ட்ரீட்மென்டும் துருவைக் கூட்டும். ஸ்டெயின்லெஸ்ஸை 500 டிகிரியை ஒட்டி டெம்பர் செய்தால் குரோமியம் கார்பைடாகப் பிரிந்து போய்விடும், துருவைத் தடுக்க மிச்சம் இருப்பது குறையும். கடற்கரைக்குப் போகிற கத்தியை 200 டிகிரிக்குள் டெம்பர் செய்யுங்கள். டி2 எஃகைப் பற்றியும் இதே கதைதான். 12 சதவீதம் குரோமியம் என்று காகிதத்தில் இருக்கும். கரி 1.5 சதவீதம் இருப்பதால் அந்தக் குரோமியத்தில் ஒரு பெரும் பங்கு கார்பைடில் கட்டுண்டு கிடக்கும். டர்பனில் அதை ஸ்டெயின்லெஸ் என்று சொல்லி விற்கக் கூடாது.

கார்பன் எஃகு விரும்பி வாங்கியவர் என்றால் வேறு பேச்சு. புளி, பச்சை மாங்காய், எலுமிச்சை எல்லாம் பட்டுப் படிகிற சாம்பல் நீலப் படலம் கத்திக்குக் காவல். அதைத் தேய்த்து எடுக்க வேண்டாம் என்று சொல்லிக் கொடுங்கள். செம்மஞ்சளாக வந்தால்தான் துரு. ஊறுகாய் போடுகிற நாட்களில், உப்புப் பிசறிய மாங்காயோடு கத்தியை அப்படியே போட்டுவைத்தால் எந்தப் படலமும் காப்பாற்றாது. எண்ணெய் பூசுகிறவர்கள் சூரியகாந்தி எண்ணெய் பூசாதீர்கள், காய்ந்து பிசினாகிவிடும். மருந்துக்கடையில் கிடைக்கிற மினரல் ஆயில் போதும், தேங்காய் எண்ணெயும் பரவாயில்லை.

தோய்க்கும்போது கோணிக்கொள்கிறது, அல்லது "டிங்" என்று சத்தம் கேட்கிறது

சத்தம் கேட்டால் விரிசல். அந்தக் கத்தியை ஒட்டவைக்கிற வித்தை எதுவும் இல்லை. காரணத்தைத் தேடுங்கள்: எண்ணெயில் தோய்க்க வேண்டியதைத் தண்ணீரில் தோய்த்தீர்களா, சூடு அதிகமா, பிடி சேரும் இடத்தில் கூர்மையான உள்மூலை விட்டீர்களா, 36 நம்பர் பெல்ட் கோடு வாய்க்குக் குறுக்காக ஓடியதா? மூலைகளை வளைவாக அரத்தால் உருட்டி, குறைந்தது 120 நம்பர் வரை நீளவாக்கில் இழைத்துவிட்டுத் தோயுங்கள்.

கோணலுக்குப் பெரும்பாலும் இரண்டு பக்கமும் சமமாக இழைக்காததுதான் காரணம். எண்ணெயிலிருந்து எடுத்த முதல் சில நொடிகளில், 200 டிகிரிக்கு இறங்குவதற்குள், அலகு இன்னும் முழுக்கக் கடினமாகி இருக்காது. கனமான கையுறையோடு நிமிர்த்தலாம். ஆறிய பிறகு அந்த ஆசையை விட்டுவிடுங்கள். கோணலுக்கு எதிர்ப்பக்கமாகச் சற்றுக் கூடுதலாக வளைத்து, தடித்த இரும்புப் பட்டையில் கிளாம்ப் போட்டு டெம்பர் உலையில் வையுங்கள். இரண்டாவது சுற்றில் பெரும்பாலும் நேராகிவிடும். என்690 போன்று காற்றிலேயே கடினமாகும் எஃகை இரண்டு அலுமினியத் தகடுகளுக்கு நடுவில் அழுத்தி ஆறவைத்தால் இந்தத் தொல்லையே குறைவு.

பாதியில் மின்சாரம் போய்விட்டது

2023-இல் மின்வெட்டால் பட்ட பாடு இப்போது இல்லை. ஆனாலும் கேபிள் திருட்டும் சப்ஸ்டேஷன் கோளாறும் நம்மை விட்டுப் போகவில்லை.

சூடு ஏறும்போதே போனால் கவலை இல்லை. உலையைத் திறக்காமல் ஆறவிட்டு, மறுபடி முதலிலிருந்து தொடங்குங்கள். நிலையான சூட்டில் பிடித்திருக்கும்போது போனால், பாதி நேரத்தில் எடுத்துத் தோய்த்துவிட வேண்டாம். அரைகுறைக் கடினம்தான் மிஞ்சும். அதையும் ஆறவிட்டு மறுபடி செய்யலாம், ஃபாயில் கிழியாமல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். டெம்பர் நடுவில் போனாலும் நஷ்டம் இல்லை, மின்சாரம் வந்ததும் தொடரலாம். உண்மையில் ஆபத்தானது இதுதான்: தோய்த்து முடித்துவிட்டீர்கள், டெம்பர் தொடங்குமுன் இருட்டிவிட்டது. அந்த நிலையில் அலகு கண்ணாடிக்குச் சமம். இரவு சும்மா கிடந்தே விரிசல் விடலாம். சமையலறையில் கேஸ் அவன் இருந்தால் 150 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்துவிடுங்கள். பிறகு நிதானமாக முறைப்படி டெம்பர் செய்துகொள்ளலாம். எண்ணெயை நன்றாகத் துடைத்துவிட்டு வையுங்கள், இல்லாவிட்டால் வீட்டில் வேறு பிரச்சினை கிளம்பும்.

பிடி இடைவெளி விடுகிறது, கைக்கு இரும்பு தட்டுப்படுகிறது

கத்தி எந்த ஊருக்குப் போனது என்று கேளுங்கள். டர்பனின் ஈரக் காற்றில் ஊறிய மரத்தில் பிடி போட்டு, வறண்ட குளிர்காலத்தில் ஜோஹன்னஸ்பர்க்குக்கு அனுப்பினால் மரம் சுருங்கும், இரும்பு சுருங்காது. இரண்டும் சமமாக இழைத்த இடத்தில் இரும்பு விளிம்பு மேலே நிற்கும். மறுபடி இழைத்துக் கொடுத்தால் அங்கே சரியாக இருக்கும். திரும்ப இங்கே வந்தால் மரம் உப்பும். காட்டு ஒலிவ மரமும் கியாட் மரமும் அழகுதான். உள்நாட்டுக்குப் போகிற கத்திக்குப் பிசின் ஏற்றி நிலைப்படுத்திய மரமோ, துணியைப் பிசினில் ஊறவைத்து அழுத்திய மிகார்ட்டாவோ போடுங்கள். டாம்போட்டி மரத்தை இழைக்கும்போது முகமூடி கட்டாயம், அதன் பாலும் தூளும் நஞ்சு.

ஊர் மாறவே இல்லை, இருந்தும் பிரிகிறது என்றால் பசை. ஐந்து நிமிடத்தில் இறுகும் எபாக்ஸி ஈரம் தாங்காது, 24 மணி நேரம் எடுக்கிறதையே வாங்குங்கள். பிடிக்குள் போகும் இரும்பை 60 நம்பரில் கரடாக்கி, அசிட்டோனால் துடைத்து, நாலைந்து துளை கூடுதலாகப் போட்டுவிடுங்கள். இரண்டு பக்கப் பசையும் துளை வழியே ஒன்றாகிக் கவ்வும். கிளாம்பை உயிரைக் கொடுத்து முறுக்கினால் பசை முழுக்க வெளியே வழிந்துவிடும்.

கை வலிக்கிறது, விரல் முட்டி பலகையில் இடிக்கிறது

குதிகாலில் அலகின் உயரம் 45 மி.மீ.க்குக் குறைந்தால் பெரும்பாலானவர்களுக்கு முட்டி இடிக்கும். இதற்குப் பரிகாரம் இல்லை, அடுத்த கத்திதான். உருளைக்கிழங்கு அலகில் ஒட்டுகிறது என்ற புகாருக்கு வலப்பக்கத்தைச் சற்றுப் புடைப்பாக இழைத்துக் கொடுங்கள். குறையும், முழுக்கப் போகாது.

எல்லாம் பார்த்தாகிவிட்டது, இன்னும் குறை இருக்கிறது

இப்போது எஃகைப் பற்றிப் பேசலாம்.

விலைதான் தரம் என்று நினைப்பவர்களுக்கு ஓகாபி கத்தியைக் காட்டுவேன். 1902-இல் ஜெர்மனியில் ஆரம்பித்து, 1988 முதல் நம் குவாசூலு-நேட்டாலின் இசித்தேபேயில் செய்கிறார்கள். சாதாரண கார்பன் எஃகு, மெல்லிய அலகு. கடையில் கிடைக்கிற மலிவுக் கத்திதான், ஆனாலும் தீட்டினால் வெட்டுகிறது. மறுகோடியில் கத்தி செய்பவர் கிறிஸ் ரீவ். டர்பனில் தொழில் தொடங்கி 1989-இல் அமெரிக்காவின் ஐடஹோவுக்குக் குடிபோனவர். 2001-இல் வந்த எஸ்30வி என்ற பவுடர் எஃகு (உலோகத் தூளை அழுத்திச் செய்வது) உருவானதில் அவருக்குப் பங்கு உண்டு. அந்த எஃகை இன்னும் கடினமாக வைக்கலாம் என்று பலர் குறை சொல்லியும், அவர் தன் கத்திகளில் 58, 59 ராக்வெல்லில்தான் வைத்தார். பல் விழாமல் இருப்பதும் வாங்கியவர் தானே தீட்ட முடிவதும் அவருக்கு முக்கியமாகப் பட்டன.

நான் எஃகை மாற்றச் சொல்வது மூன்று இடங்களில்.

கடலோரம் பாறையில் நின்று ஷாட் மீன் பிடிக்கிறவர், தூண்டில் இரை வெட்டுகிற கத்தியைக் கழுவாமல் பைக்குள் போடுவார். நீங்கள் என்ன சொன்னாலும் போடுவார். என்690-உம் அங்கே கடைசியில் புள்ளி விடும். கரியின் வேலையில் பெரும் பங்கை நைட்ரஜன் பார்க்கிற எல்சி200என் போன்ற எஃகு அவருக்கு. வாய் நிற்பதில் கொஞ்சம் குறையும், அவருக்கு அது தெரியவே தெரியாது.

கோயில் சமையல்கூடத்தில் நாலு பேர் கைமாறுகிற கத்தி. யார் தீட்டுவார், எதில் தீட்டுவார் என்று சொல்ல முடியாது, படிக்கல்லில் தேய்த்தாலும் ஆச்சரியமில்லை. 12சி27 அல்லது 14சி28என் என்ற ஸ்டெயின்லெஸ் எஃகு போடுங்கள். 0.6 சதவீதம் கரி, பெரிய கார்பைடு கிடையாது, எந்தக் கல்லிலும் சட்டென்று வாய் எடுக்கும், பல் விழாது.

மூன்றாவது, கேட்டரிங் தொழிலில் இருப்பவர். நாள் முழுக்க நறுக்கிவிட்டு இரவுதான் தீட்ட நேரம் கிடைக்கும். தீட்டவும் தெரிந்தவர், பலகையும் நல்ல பலகை. வடிவமும் சரியாக இருந்து, என்690 மாலைக்குள் களைத்துப் போகிறது என்று அவர் சொன்னால் அதை நம்பலாம். வனேடியம் கூடிய பவுடர் எஃகுக்குப் போங்கள். சாதாரணத் தீட்டுக்கல் வனேடியம் கார்பைடை வெட்டாது, வைரத் தகடு வேண்டும். அதன் விலையையும் கத்தியின் விலையிலேயே சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.